உறுதியில் எவர் பெயர்?

காணி உறுதியை எவரும் விரும்பிப் படிப்பதில்லை. கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என நான்கு எல்லைகள். அவற்றுள் அடங்கிய வீடு, கிணறு, பயன்தரு மரங்கள். கிணற்றிற் பங்கு, வழிவாய்க்காலிற் பங்கு. இறுதியில் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இட்ட ஒப்பம். இத்தகைய வறண்ட நடையில் எழுதப்பட்ட தாள் பெட்டியின் அடியிற் கிடந்து மஞ்சளாகிப் போகிறது. ஆயினும், ஒரு சமுதாயத்தின் குடும்ப வாழ்வை அறிய முற்படும் வரலாற்று மாணவனுக்கு அரசர் கதைகளைக் காட்டிலும் இத்தாள் பயன்படும். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எவருடைய சம்மதம் கேட்கப்பட்டது, எவருடைய சம்மதம் கேட்கப்படவில்லை என்பன அதில் ஒளிவுமறைவின்றிப் பதிந்துள்ளன.

கொழும்பில் வெள்ளவத்தையிலும், அதற்கு உட்புறமாக உள்ள கிருலப்பனையிலும், வடக்கே கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் குடும்பங்கள் சம்பந்தம் பேசும்போது, சாதகம் பொருந்தியதும் எழும் கேள்வி வீடு பற்றியது. யாழ்ப்பாணத்தில் எத்தனை பரப்புக் காணி என்று கேட்ட காலம் போய், கொழும்பில் அடுக்குமாடி வீடு உண்டா என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. அவ்வீட்டை மணமகள் பெயரில் எழுதுவதா, இருவர் பெயரிலும் எழுதுவதா, பெற்றோரின் சீவிய உருத்தை நிறுத்தி எழுதுவதா என்று வாதம் நடக்கிறது. "பிள்ளைகள் இருவருக்கும் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டோம்" என்று பெற்றோர் நிம்மதியடைகின்றனர். எழுதிக் கொடுத்தது உண்மை. ஆனால் அவ்வுறுதியால் எவருக்கு எவ்வளவு அதிகாரம் கிடைத்தது? இக்கேள்விக்கு விடை காண மூன்று நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ஓலையில் எழுதிய சீதனம்

1706 ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆள்பதி கொர்னேலிஸ் யோன் சிமோன்ஸ், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைத் தொகுக்கும்படி ஆணையிட்டான். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அப்பணியை ஏற்று, 1707 தொடக்கத்தில் அதனை முடித்தான். தொகுப்பு தமிழாக்கம் செய்யப்பட்டு, பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டு, அவர்களது ஒப்புதலைப் பெற்றது. அதுவே தேசவழமை என நாம் வழங்கும் சட்டத்தின் மூலம். வழமை எது என்று உரைக்கும் உரிமை பன்னிரு ஆண்களுக்கு, அதிலும் அதிகார வர்க்கத்தைச் சேர்ந்தோருக்கு மட்டுமே வாய்த்தது என்பதை நாம் மறத்தலாகாது. உழுதவனையோ, சீதனம் கொண்டு சென்ற பெண்ணையோ எவரும் அழைத்துக் கேட்கவில்லை.

அத்தொகுப்பின்படி குடும்பச் சொத்து மூவகைப்படும். கணவன் வழியில் வந்தது முதுசொம். மனைவி கொண்டு வந்தது சீதனம். மணவாழ்வில் இருவரும் ஈட்டியது தேடியதேட்டம். பண்டைக் காலத்தில் முதுசொம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. தேடியதேட்டம் இருபாலார்க்கும் பொதுவாயிற்று. தாயின் காணி மகளுக்கு, மகளின் காணி பேத்திக்கு என்று பெண்வழியே ஓடிய சொத்துரிமையின் தடம் இதிற் புலப்படுகிறது. போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேராவின் ஆட்சிக் காலத்தில் இம்முறை நெகிழ்ந்தது என்றும், மூவகைச் சொத்திலிருந்தும் வேறுபாடின்றிச் சீதனம் கொடுக்கும் வழக்கம் புகுந்தது என்றும் ஐசாக்ஸின் தொகுப்பே கூறுகிறது. தொன்றுதொட்டு மாறாதது என்று நாம் பெருமை பேசும் வழமை, எழுத்தில் ஏறுவதற்கு முன்னரே மாறிவிட்டிருந்தது.

சீதனத்தை ஓலையில் எழுதிக் கொடுத்தனர். மணமாகிப் பத்து ஆண்டுகளுக்குள் அக்காணியைத் தம் ஆட்சிக்குட் கொண்டுவராத தம்பதியர் அதன்மீதுள்ள உரிமையை இழந்தனர். சீதனம் பெற்ற மகள், பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உடன்பிறந்த ஆண்களோடு பங்கு கேட்க இயலாது. மணமாகாத ஆண்மக்கள் உழைத்தது பெற்றோரின் பொதுச் சொத்தோடு சேர்ந்தது. அப்பொதுச் சொத்திலிருந்தே சகோதரியரின் சீதனம் பிரிந்தது. தங்கையைக் கரைசேர்ப்பதற்காகக் கடல்கடந்து உழைத்துத் தலை நரைத்த தமையனை நாம் அறிவோம். அவனுடைய முன்னோன் 1707 ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே நிற்கிறான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்காலச் சீதனப் பொருள்களுள் காணியும் நகையும் மட்டும் அடங்கவில்லை, அடிமைகளும் அடங்கினர். ஒரு பெண்ணுக்கு உரிமை வழங்கிய அதே ஓலை, மற்றொரு பெண்ணைப் பொருளாக்கிக் கைமாற்றியது. இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும், பிறர் காணியிற் குடிசையிட்டு வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எழுதிக் கொடுப்பதற்கு வீடும் இல்லை, எழுதுவதற்கு உறுதியும் இல்லை. ஆகவே தேசவழமையைத் தமிழ்ப் பெண்ணின் பொற்காலச் சாசனமெனக் கொண்டாடுவோர், எந்தப் பெண்ணின் சாசனம் என்ற வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

கணவனின் ஒப்பம்

ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தனர். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படாத காணிக் கைமாற்றம் செல்லாது என்றது. ஓலையின் இடத்தில் உறுதி வந்தது. தோட்டப் பயிர்ச்செய்கைக்காகக் காணி கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. வாங்குபவனுக்கும் கடன் கொடுப்பவனுக்கும் ஐயமற்ற பத்திரம் தேவைப்பட்டது. குடும்ப உறவு சந்தைக்கு ஏற்ற தாளாக வடிவு பெற்றது இவ்வாறுதான்.

அடுத்து, மணமக்களின் சொத்துறவையே சட்டம் மாற்றியமைத்தது. பொதுச் சட்டத்துக்கு உட்பட்டோரிடையே உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின்படி கணவன் மனைவியின் சொத்து முழுவதும் பொதுவாகக் கலந்திருந்தது. அதன் நிருவாகம் கணவன் கையில் இருந்தது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அக்கலப்பை நீக்கி, மனைவியின் காணியை அவளுக்கே தனியாக்கியது. ஆயினும், அவள் அதனை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றது. 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் அத்தளையையும் அறுத்தது. இங்கிலாந்துப் பெண் 1882 இல் பெற்ற உரிமையை இலங்கைப் பெண் நாற்பத்தோர் ஆண்டுகள் கழித்துப் பெற்றாள்.

எல்லாப் பெண்களுமா பெற்றனர்? இல்லை. 1923 ஆம் ஆண்டுச் சட்டம் கண்டியச் சட்டத்துக்கும் முஸ்லிம் சட்டத்துக்கும் தேசவழமைக்கும் உட்பட்டோரை விலக்கி வைத்தது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழருக்கு 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தனியாக இருந்தது. அச்சட்டத்தின்படி மனைவியின் சீதனம் அவளுடைய தனிச் சொத்து. கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது. அசையும் பொருளை அவள் விரும்பியவாறு கொடுக்கலாம். மரணசாதனத்தின் மூலம் காணியையும் விரும்பியவர்க்கு எழுதி வைக்கலாம். ஆனால் உயிரோடிருக்கும்போது தன் காணியை விற்கவோ, ஈடுவைக்கவோ, நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் கைவிட்டுப் போனாலும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும், மாவட்ட நீதிமன்றத்தை நாடி அச்சம்மதத்துக்கு விலக்குப் பெறலாம். கணவனுக்கோ தன் முதுசொத்தை விற்க மனைவியின் ஒப்பம் தேவையில்லை. இறந்த பின் அவள் சொத்தை அவளே ஆளலாம். உயிரோடிருக்கும்வரை அவன் கையெழுத்து வேண்டும்! இச்சட்டப் பிரிவு ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நம்மோடு வாழ்கிறது.

தேடியதேட்டத்தின் கதை இதனினும் கவனிக்கத்தக்கது. 1911 ஆம் ஆண்டுச் சட்டம், மணவாழ்வில் ஈட்டிய சொத்து ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும் இருவரும் அதற்குச் சமவுரிமையுடையவர் என்று கூறியது. சம்பளம் பெறாது அடுக்களையிலும் தோட்டத்திலும் உழைத்த மனைவிக்கும் அதிற் பாதி இருந்தது. 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தம் அவ்வாசகத்தை அகற்றிவிட்டது. அதன் பின் தேடியதேட்டம், தேடியவருடைய சொத்து. அவர் இறக்கும்போது, எவருக்கும் கொடுத்துவிடாது எஞ்சியிருப்பதிற் பாதி மற்றவரைச் சேரும். இதனால் சம்பாதிக்கும் பெண்ணின் ஊதியம் கணவனின் உரிமையிலிருந்து காக்கப்பட்டது என்பது மெய்யே. ஆனால் அக்காலத்தில் ஊதியம் பெற்ற பெண்கள் எத்தனை பேர்? வீட்டுழைப்புக்கு இருந்த பங்கு, கணவன் வாழும் காலத்தில் வெறும் எதிர்பார்ப்பாகச் சுருங்கியது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு முந்திய ஆண்டில், வீட்டுப் பெண்ணின் உரிமை ஒரு திருத்தத்தினால் ஓசையின்றிக் குறைந்தது.

கொழும்புக்கு வந்த வழமை

தேசவழமை வடக்கு மண்ணோடு நின்றுவிடவில்லை. 1911 ஆம் ஆண்டுச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்டவரின் காணி எங்கிருந்தாலும் அவரைத் தொடர்கிறது. ஆகவே வெள்ளவத்தையில் வாங்கிய வீட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் கொழும்பில் இரண்டு தலைமுறை வாழ்ந்தவர் இன்னும் யாழ்ப்பாணவாசிதானா? தேசவழமை இலங்கைத் தமிழர் அனைவரதும் இனச் சட்டமன்று, யாழ்ப்பாண வாசிகளாகிய தமிழரின் சட்டம் என்று 1910 அளவிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதன் பின்னர், ஒருவர் நிலையாகக் கொழும்பில் வேரூன்றிவிட்டாரா, ஊருக்குத் திரும்பும் எண்ணம் உடையவரா என்பதெல்லாம் வழக்குதோறும் ஆராய வேண்டிய விடயங்களாயின. மணத்தினாலும் நிலை மாறும். தேசவழமைக்கு உட்பட்ட பெண் வெளியே மணந்தால், அம்மணவாழ்வு நீடிக்கும்வரை அவள் அச்சட்டத்திலிருந்து நீங்குகிறாள். உட்படாத பெண் அதற்கு உட்பட்டவனை மணந்தால் அவளும் அதற்குள் வருகிறாள். பெண்ணின் சட்டத்தைத் தீர்மானிப்பது கணவனின் சட்டம்.

இதன் விளைவைப் பாருங்கள். கொட்டாஞ்சேனையில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழ்ப் பெண்ணும், மட்டக்களப்பிலிருந்து வந்த பெண்ணும் பொதுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். தம் பெயரிலுள்ள வீட்டை அவர்கள் எவரையும் கேளாது விற்கலாம். ஒரே மாடிக் கட்டடத்தில் அடுத்த கதவைத் திறந்து வரும் யாழ்ப்பாணப் பெண் வைத்தியராக இருக்கலாம், பேராசிரியராகவும் இருக்கலாம். கணவன் ஒப்பமிடும்வரை அவளுடைய உறுதியை நொத்தாரிசு முடிக்கமாட்டார். பல்கலைக்கழகப் பட்டமும் இந்த ஓர் ஒப்பத்துக்கு ஈடாகாது.

இடதுசாரிகள் பெருமையோடு நினைவுகூரும் ஒரு சட்டத்தையும் இங்கே நோக்கவேண்டும். ஐக்கிய முன்னணி ஆட்சியில் வீடமைப்பு அமைச்சராக இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் பீற்றர் கெனமன், 1973 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை வகுக்கப்பட்டது. மிகுதி வீடுகள் அரசைச் சேர்ந்தன. வாடகைக்குக் குடியிருந்தோர் உரிமையாளராகும் வழி திறந்தது. கொழும்பு நகரத்து நடுத்தர, தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு உறுதியென்ற ஒன்று முதன்முதலாகக் கிடைத்தது இதனாலேயே. சொத்துடைமையின் கோட்டையில் விழுந்த அடி அது. ஆயினும் உரிமை வாடகையாளருக்குச் சென்றது. வாடகையாளர் என்பவர் பற்றுச்சீட்டிற் பெயருள்ளவர். பற்றுச்சீட்டிற் பெரும்பாலும் இருந்தது குடும்பத் தலைவனின் பெயர். வர்க்க அநீதியைக் கண்ட கண், வீட்டுக்குள் இருந்த அநீதியைக் காணவில்லை.

அதே 1973 இல் இயற்றப்பட்ட 11 ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டம், தரையைத் தொடாத வீட்டுக்கும் தனி உறுதி எழுத வழிசெய்தது. பத்தாண்டுகள் கழித்து 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. உடைமைகளை விட்டு உயிரைக் காத்து அகதிமுகாமுக்கு ஓடியவர்களுக்கு, வீடு தம்முடையது என்பதை நிறுவக் காணிப் பதிவகத்திலிருந்த பதிவு துணையாயிற்று. போர் நீண்டது. வடக்கிலிருந்து வந்தோர் தொகையும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணமும் சேர்ந்து வெள்ளவத்தையின் வானை அடுக்குமாடிகளால் நிறைத்தன. நான்கு எல்லையும் கிணற்றுப் பங்கும் எழுதிய சீதன உறுதியில், மாடியின் இலக்கமும் வாகனத் தரிப்பிடமும் இடம்பிடித்தன. வழமை மட்டும் மாடியேறி வந்து அமர்ந்துகொண்டது.

அரசு எழுதிய உறுதி

பெற்றோர் எழுதும் உறுதியைச் சொன்னோம். அரசு எழுதும் உறுதியின் நிலை என்ன? 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆயிரமாயிரம் உழவர் குடும்பங்கள் காணி பெற்றன. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதபோது அக்காணி எவரைச் சேரும் என்று கூறும் அட்டவணை, மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. இருவரும் ஒன்றாக நாற்று நட்ட வயல், தகப்பனுக்குப் பின் மகனுக்கென எழுதப்பட்டது. இப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 இல்தான் நிறைவேறியது, எண்பத்தேழு ஆண்டுகள்!

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அழித்தது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது வழமை. வீடு தாயினதும் மகளினதும் பெயரில் இருந்தது. அழிந்த வீடுகளுக்குப் பதிலாகப் புதுவீடுகள் வழங்கப்பட்டபோது, பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற பகுதியை நிரப்பிக் கணவன் பெயரில் உரிமை எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண் வைத்திருந்த வீட்டைக் கடல் ஒரு முறையும் படிவம் ஒரு முறையும் கொண்டுபோயின. இருவர் பெயரிலும் உறுதி வேண்டுமென்று பெண்கள் அமைப்புகள் போராடியதற்கு இவ்வனுபவமே காரணம். கொழும்பின் கால்வாய்க் கரைகளிலிருந்து மக்களைப் பெயர்த்து மாடிகளில் ஏற்றும் திட்டங்களிலும் கேட்கப்பட வேண்டிய முதற் கேள்வி இதுவே.

நாம் கேட்க வேண்டியவை

உலக வரலாறு இவ்விடயத்தில் நமக்கு இரு பாடங்களைத் தருகிறது. சோவியத் உருசியாவின் 1918 ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் கணவன் மனைவி சொத்துகளைத் தனித்தனியாக்கியது. ஊதியமற்ற வீட்டுழைப்பில் ஈடுபட்ட பெண்ணுக்கு அத்தனிமை வெறுங்கையையே தந்தது. ஆகவே 1926 ஆம் ஆண்டுச் சட்டம், மணவாழ்வில் ஈட்டியதை இருவர்க்கும் பொதுவாக்கியது. நாம் 1947 இல் நடந்த பாதைக்கு நேர் எதிர்த் திசை அது. தமிழ்நாட்டிலோ, 1929 இல் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்திற் சமவுரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், பரம்பரைச் சொத்தில் மகளையும் மகனுக்கு நிகரான பங்காளியாக்கியது. முதலாவது பாடம், வீட்டுழைப்பும் சொத்தை ஈட்டும் உழைப்பே என்பது. இரண்டாவது, பெற்றோர் சொத்தில் மகளின் பங்கு பிறப்பினால் வருவது, மணத்தினால் வருவதன்று என்பது.

இங்கேதான் முற்போக்காளராகிய நாம் ஒரு முட்டுக்கட்டையை எதிர்கொள்கிறோம். சீதனத்தை ஒழிப்போம் என்று மேடையில் முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும், பெண்ணைப் பெற்றவனைக் கடனாளியாக்கி, மணமகனுக்கு விலை குறித்து, ஏழைப் பெண்ணை முதிர்கன்னியாக்கும் கொடுமை அது. ஆனால் யாழ்ப்பாணச் சமுதாயத்தில் பெண்ணொருத்தியின் பெயரில் காணி இருப்பதற்குப் பெரும்பாலும் வாயிலாக அமைந்ததும் அச்சீதன உறுதியே. வேறு ஏற்பாடின்றி அதனை ஒழித்தால், மணமகன் விலைபேசுவது நின்றாலும், வீடு அண்ணன் தம்பி கைக்குப் போய் முடியும். சீதனம் ஒழிய வேண்டும். பெண்ணின் பெயர் உறுதியிலிருந்து ஒழியக்கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே சாதிக்கும் வழி, மகனுக்கும் மகளுக்கும் மணத்தோடு தொடர்பற்ற சம பங்கு என்பதே.

"அப்படியானால் இருவர் பெயரிலும் எழுதிவிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். வீட்டின் ஊற்றைப் பொறுத்தது விடை. இருவரின் உழைப்பாலும் வங்கிக் கடனாலும் வாங்கிய வீடு, அரசு குடும்பத்துக்கென வழங்கும் வீடு ஆகியன இருவர் பெயரிலும் இருத்தலே நீதி. அவ்வாறு எழுதினால், பிரிக்கப்படாத பாதி ஒவ்வொருவர்க்கும் உரியது. ஒருவர் தனித்து முழு வீட்டை விற்க இயலாது. பொதுச் சட்டத்தின் கீழ் ஒருவர் மரணசாதனமின்றி இறந்தால், அவர் பாதியிற் பாதி துணைவரைச் சேர, மற்றவருக்கு முக்காற்பங்கு நிற்கும். ஆனால் பெற்றோர் மகளுக்கென ஈட்டிய வீட்டில் மருமகனின் பெயரையும் சேர்க்கும்படி மணப் பேச்சில் வற்புறுத்தப்படும்போது, சமத்துவம் என்ற சொல் சீதனத்தின் முகமூடியாகிவிடுகிறது. மகளின் ஒரே பாதுகாப்பு அங்கே பாதியாகிறது. மணமுறிவு நேருமாயின், அப்பாதியைத் திரும்பப் பெற ஊரும் உறவும் உதவா.

பெற்றோரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சீவிய உருத்தை நிறுத்தாமல் வீட்டை எழுதிக் கொடுத்த தாய், மறுநாள் முதல் தன் வீட்டிலேயே விருந்தாளி. நன்கொடை பெற்றவர் இழைக்கும் பாரதூரமான நன்றிகேட்டைக் காரணங்காட்டி நன்கொடை உறுதியை மீளப்பெறுவது பற்றி 2017 இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்ததே, பாசம் மட்டும் போதாது என்பதற்குச் சான்று.

தேசவழமையிலுள்ள கணவனின் சம்மதப் பிரிவை நீக்குவது இன்று முதற் பணி. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உலக உடன்படிக்கையை இலங்கை 1981 இல் ஏற்றுக்கொண்டது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. ஆனால் அதன் 16 ஆம் உறுப்புரையோ, அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லும் என்கிறது. நீதிமன்றக் கதவு இவ்வாறு அடைபட்டிருக்க, பாராளுமன்றமும் மக்கள் இயக்கமுமே வழி. இக்கோரிக்கை எழும்போதெல்லாம், நமது தனித்துவத்தில் கைவைக்காதீர் என்ற குரல் நம்மவரிடமிருந்தே எழுகிறது. ஓர் இனத்தின் உரிமை வேறு, அவ்வினத்தின் ஆண்களுக்கு மட்டும் உரிய சலுகை வேறு. பேரினவாதத்துக்கு எதிராகச் சமத்துவம் கேட்கும் நாம், அச்சொல்லை வீட்டு வாசலிற் கழற்றிவைத்துவிட்டு உள்ளே நுழைதல் தகாது. போரிற் கணவனை இழந்தும், கணவன் காணாமலாக்கப்பட்டும் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரவர். இல்லாத கணவனின் ஒப்பத்துக்காக அவர்களை நீதிமன்றப் படியேற வைப்பது எந்தத் தனித்துவத்தைக் காக்கிறது?

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் 1505 உம் 1658 உம் 1796 உம் மனனம் செய்விக்கிறோம். அவ்வாண்டுகள் நம் வீடுகளுக்குள் விட்டுச் சென்ற தாளை எவரும் விரித்துப் பார்ப்பதில்லை. உங்கள் தாயின் பெயரிலோ பாட்டியின் பெயரிலோ உள்ள உறுதியை ஒரு முறை கேட்டு வாங்கிப் படியுங்கள். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், 'ஏற்றுக்கொண்டேன்' என்று ஒப்பமிட்டவர், 'சம்மதித்தேன்' என்று ஒப்பமிட்டவர் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அவ்வீட்டைக் கூட்டி, மெழுகி, கடன் கட்டி, நிலைநிறுத்தியவர் யார் என்று வீட்டாரைக் கேளுங்கள். இரு பட்டியல்களும் ஒத்துவராத வீடுகள் பல இருக்கும். அவற்றை ஒத்துவரச் செய்யும் பொறுப்பு உங்கள் தலைமுறையைச் சேர்ந்தது.